வாசிகசாலையும் அரச கருமமும்

அரசாங்கம் பேசுவது தாளின் வழியே. சட்டஞ் செய்யினும், வரி விதிக்கினும், உதவி வழங்கினும், ஒருவருடைய காணியைப் பொதுத் தேவைக்கென எடுக்கினும் அத்தனையும் எழுத்தாகி வெளிவருகின்றன. இலங்கையில் அரசாங்க வர்த்தமானி முதன்முதல் வெளிவந்தது 1802 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆந் திகதியாகும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது வந்துகொண்டிருக்கிறது. சட்டம் தெரியாதென்பது நீதிமன்றம் ஏற்கும் நியாயமன்று. அச்சிட்டதோடு அறிவித்தாயிற்று என்பது அரசின் கணக்கு. அறிவித்தது எவர் செவியில் வீழ்ந்தது என்பதோ வேறொரு கணக்கு. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே கிடக்கும் தூரத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அத்தூரத்தைக் குறைக்கவல்ல இடமொன்று பெரும்பாலான ஊர்களில் முன்னமே இருக்கின்றது. அதற்கு வாசிகசாலை என்று பெயர்.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலராசிரியர் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்பதனால் சங்கச் செய்யுளையோ கம்பனையோ பற்றி நாம் எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வகைக் கட்டுரைகளுக்கு இம்மலரிற் குறைவிராது. நாமோ படிவங்களைப் பற்றி எழுதுகிறோம். படிவமும் தமிழில் எழுதப்படுவதே. அதைப் படித்து விளங்கவியலாமையால் வரும் துன்பம், செய்யுளொன்றைப் படித்து விளங்கவியலாமையால் வரும் துன்பத்தினும் பெரிது.

செங்கலடியை அறியாதார்க்கு ஒரு சொல். பேராதனையிற் புறப்பட்டுப் பதுளை வழியாக மலையிறங்கி வரும் ஏ-5 நெடுஞ்சாலை வந்து முடியும் இடம் இது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் சாலையோடு அஃது இங்கே கூடுகின்றது. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இங்கேயே உள்ளன. சற்றே வடக்கில் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. மேற்கே போனால் இலுப்படிச்சேனை, கரடியனாறு, உறுகாமம் எனப் படுவான்கரைக் கிராமங்கள் வயலும் குளமும் காடுமாக நீண்டு செல்லும். அக்கிராமங்களிலிருந்து ஒரு படிவத்திற்காகச் செங்கலடிக்கு வருபவர் அன்றைய கூலியை இழந்தே வருகிறார். வந்தவரிடம், "இன்ன சான்றிதழின் பிரதியும் வேண்டும், கிராம உத்தியோகத்தரின் கையொப்பமும் வேண்டும், எடுத்துக்கொண்டு நாளை வாருங்கள்" என்று சொன்னால் மறுநாட் கூலியும் போயிற்று. சொன்னவர் மீது குற்றமில்லை. அவர் கேட்டவை வேண்டியவையே. அவற்றை முதல் நாளே, ஊரில் இருக்கும்பொழுதே, அறியும் வழி அம்மனிதருக்கு இல்லாமையே குறை.

முற்காலத்தில் இதற்கொரு வழி இருந்தது. ஊருக்கு ஒரு விதானையார் இருந்தார். அரசு என்ன சொல்கிறது என்பதை அவர் வாயாற் கேட்டு ஊர் அறிந்தது. அவர் சொல்லாது விட்டதை அறியாமற் போயிற்று. மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி இருந்த நாட்களிற் பெட்டிசம் எழுதிக் கொடுப்போரை நாடிப் போனார்கள். பிரக்கிராசியார் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார்கள். கை நனையாமல் எதுவும் நடவாது என்பது அக்காலத்தார் பேச்சு. 1963 இல் விதானை முறை நீங்கிக் கிராம சேவகர் வந்தார். பின்னர் அப்பெயரும் மாறிற்று. ஆயினும் அரசின் சொல்லை ஒருவர் வாய்வழியாகவே பெறவேண்டும் என்னும் பழக்கம் மக்களை விட்டு முற்றாக நீங்கவில்லை. அறிவு ஒருவர் கையில் இருந்தால் அது தயவு ஆகிவிடுகிறது. பொதுமேசையிற் கிடந்தாற்றான் அஃது உரிமையாகும்.

மொழியின் கதையையும் தொட்டுச் செல்லல் வேண்டும். 1956 ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987 இல் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டின் 16 ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியது. ஆகவே இன்று எம் பகுதிக் கந்தோர்களில் தமிழ்ப் படிவம் கேட்பது சலுகையன்று, சட்டம் தந்த உரிமை. ஆனால் அப்படிவத்தில் இருக்கும் தமிழ் யாருடைய தமிழ்? "முதலெழுத்துக்களாற் குறிக்கப்படும் பெயர்கள்" என்பதன் முன்னே பேனாவை வைத்துக்கொண்டு திகைத்து நிற்போரை எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். தன் பெயரும் தந்தை பெயரும் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். வேறொரு மொழியில் ஆக்கப்பட்டுச் சொல்லுக்குச் சொல்லாய் மாற்றப்பட்ட வாக்கியம் அது. அதற்குள் அவர்கள் பெயரையே அவர்களாற் காணமுடியவில்லை. 1936 இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். கலைச்சொல் ஆக்குவோர் அடிகளாரின் வழியைச் சற்றே நினைந்து பார்த்தாற் படிவங்களும் திருந்தும். நாம் பத்தாம் வகுப்பில் கடிதமெழுதும் பாடம் வருங்காலத்தில், கற்பனையான விண்ணப்பங்களை விடுத்து, உண்மையான அரசப் படிவங்களையே மாணவர் கையிற் கொடுத்து நிரப்பச் செய்வதுண்டு. ஒரு பாடவேளையில் ஒரு படிவம் முடியாது. நன்றாகக் கற்ற பிள்ளைகள் நிலையே இஃதாயின் முதியோர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

அறியாமையால் வரும் இழப்பு எத்தகையது என்பதற்கு ஒன்று சொல்வோம். எம் நாட்டிற் பிறருடைய காணியை எவ்வித எதிர்ப்பும் இன்றிப் பத்தாண்டுகள் தனதாக ஆண்டு வந்தவர், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி அதற்கு உரிமை கோரலாம். அமைதிக் காலத்திற்கு அது பொருந்தும். யுத்தத்தினால் ஊரைவிட்டு ஓடியவன் காணிக்கு அது பொருந்துமா? எதிர்ப்புச் சொல்ல அவன் அங்கே இருந்தால் அல்லவோ எதிர்ப்பான்? இதனைக் கருதியே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் செல்லவியலாது போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அப்பத்தாண்டுக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் அதன் பயனைப் பெற வழக்கிடுவதற்கு விடப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 1990 இல் ஊரைவிட்டுச் சென்றது. ஆண்டுகள் பல கழித்து மீண்டு வந்தபொழுது அவர்களுடைய மேட்டுக்காணியில் வேறொருவர் வீடு இருந்தது. பேசிப் பார்த்தார்கள், உறவினரைக் கொண்டு பேசுவித்தார்கள், கோயிலில் வைத்துப் பேசினார்கள். இப்படியே காலம் போயிற்று. 2019 இல், வேறொரு கருமமாகச் சட்டத்தரணி ஒருவரிடம் சென்ற இடத்திலேதான் இப்படியொரு சட்டம் இருந்தது என்பதை அறிந்தார்கள். இருந்தது; அப்பொழுது இல்லை. கதவு திறந்திருந்த இரண்டாண்டுகளும் அவர்கள் அக்கதவின் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். சட்டம் மூன்று மொழியிலும் அச்சாகியிருந்தது; இணையத்திலும் கிடந்தது. ஊரில் அதைப் படித்துச் சொல்ல ஒரு மேசையும் ஒரு மனிதரும் இருந்திருந்தால் வழக்கில் வென்றிருப்பார்களோ தோற்றிருப்பார்களோ யாம் அறியோம், வழக்கிடவாவது செய்திருப்பார்கள். அக்குடும்பத்தின் மூத்தவர் எம்மிடம், "எங்களுக்கு ஆரும் சொல்லல்லியே சேர்" என்றார். அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

இனி, வாசிகசாலை செய்யக்கூடியதைக் கண்ணாற் கண்ட வேளையொன்றைக் கூறுவோம். 2023 இல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கிற்று. குடும்பங்களை நான்கு வகுப்பாக்கி மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை வழங்குவது ஏற்பாடு. மின்சாரப் பாவனை முதலாகப் பல அளவுகோல்களைக் கொண்டு வகுப்பு வகுத்தார்கள். பெயர்ப்பட்டியல் வெளியாயிற்று. பெயரில்லாதவரும் வகுப்புப் பிழையென்று கருதியவரும் மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். இணையத்தின் வழியே செய்க என்றார்கள். ஜூலை 10 வரை நாள் கொடுத்தார்கள். வயலும் வாடியுமாக வாழ்வோருக்கு இணையம் என்பது பேரன் கையிலுள்ள தொலைபேசி. அந்தப் பேரனோ கட்டாரில் இருக்கிறான்.

அக்காலத்தில் எம் பகுதியிலுள்ள வாசிகசாலை ஒன்றுக்குப் பத்திரிகை பார்க்கச் சென்றிருந்தோம். வாசலில் ஓர் ஆச்சி தயங்கி நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நூலக உதவியாளராயிருந்த இளம்பெண் எழுந்து சென்று, "உள்ளுக்கு வாங்க ஆச்சி, செருப்போட வரலாம்" என்று அழைத்து வந்து இருத்தினார்.

"மனே, லிஸ்டில பேர் கீழ போட்டிருக்காம். காசு குறைவாத்தான் வருமாம். ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியல்ல" என்றார் ஆச்சி.

அப்பெண் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுக் கணினியிற் பார்த்தார். பின்னர், வீட்டில் எத்தனை பேர், மின்சாரப் பட்டியல் எவர் பெயரில் வருகிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆச்சியின் குடிசைக்கும் பக்கத்திலிருக்கும் மகளின் கல்வீட்டுக்கும் மின்மானி ஒன்றே. அதுவும் ஆச்சியின் பெயரிலே. இரண்டு வீட்டு மின்சாரமும் ஒரு கிழவியின் கணக்கில் ஏறிவிட்டது. அதனைத் தமிழில் மூன்று வாக்கியமாக எழுதி, ஆச்சிக்குப் படித்துக் காட்டி, "சரியா ஆச்சி?" என்று கேட்டு, அவர் "ஓம் மனே" என்ற பின்பே அனுப்பினார். பதிவிலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரம் சென்றது. ஆச்சி மடியை அவிழ்த்து இருபது ரூபாய்த் தாளொன்றை எடுத்தபொழுது அப்பெண் சிரித்துக்கொண்டே கையை மூடி அனுப்பிவைத்தார். சில மாதங்களின் பின் அதே ஆச்சியை அதே இடத்திற் கண்டோம். இம்முறை வாசலிற் தயங்கவில்லை. வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குவதற்கு என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

மாலையில் அப்பெண் நாளாந்தப் பதிவேட்டை நிரப்பியபொழுது பார்த்தோம். இரவல் கொடுத்த நூல்கள் இத்தனை, திரும்பியவை இத்தனை, வந்த வாசகர் இத்தனை பேர் என்று நிரல்கள் இருந்தன. ஆச்சியைப் போட ஒரு நிரல் இல்லை. அவர் நூல் எடுக்கவில்லை, பத்திரிகை படிக்கவில்லை, அங்கத்தவருமல்லர். அன்றைய நாளில் அவ்வாசிகசாலை செய்த மிகப் பெரிய தொண்டு பதிவேட்டில் ஏறாமலே போயிற்று. ஏறாத வேலைக்கு ஆளும் தரமாட்டார்கள், தாளும் தரமாட்டார்கள் என்பதைக் கந்தோர் நடைமுறை அறிந்த எவரும் அறிவர்.

நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வருபவரின் நேரத்தைப் பேணச் சொல்கிறது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் எழுந்தபொழுதும் அவ்வறிஞரின் ஆலோசனை பெறப்பட்டது. அந்நூலகம் 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக எரிக்கப்பட்டதும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதும் யாவரும் அறிந்த துயரம். அத்துயரம் எம்மவர் நெஞ்சில் நூலகம் என்பதற்கு ஒரு பொருளை நிலைநாட்டிவிட்டது: அது கருவூலம், காக்கப்படவேண்டியது, பூட்டி வைக்கத்தக்கது. அவ்வெண்ணம் பிழையென்று சொல்லோம். ஆயினும் அரிய ஏட்டைக் காக்கும் அலுமாரியும், இன்று காலை வந்த அறிவித்தலைத் தொங்கவிடும் பலகையும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் வேண்டும். அலுமாரியைப் பற்றிப் பேசிப் பேசிப் பலகையை மறந்துவிட்டோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். அரசின் ஏடுகளைக் குடிகள் பார்க்கலாம் என்று உலகில் முதன்முதற் சட்டஞ் செய்தது சுவீடன் தேசம், 1766 இல். எமக்கு அது வர இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறி, 2017 பெப்புருவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. பொது அதிகாரசபை ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். கேட்பவர் ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லவேண்டுவதில்லை. எழுதத் தெரியாதவர் வாயாற் கேட்கலாம். அதனை எழுத்திலிடுவது அலுவலரின் கடமை. விண்ணப்பம் பெற்றதற்கு அத்தாட்சி தரல் வேண்டும். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு செய்தல் வேண்டும். உயிரையோ ஆளின் சுதந்திரத்தையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்குள் பதில் தரல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. இத்தனை வலிமையுள்ள சட்டத்தை ஊரில் எத்தனை பேர் அறிவர்?

படுவான்கரையில் வாய்க்கால் ஒன்று திருத்தினார்கள். பாதித் தூரத்தில் வேலை நின்றது. ஊரிற் பேச்சுக் கிளம்பிற்று: ஒப்பந்தக்காரன் தின்றுவிட்டான் என்றார் சிலர், அதிகாரி தின்றுவிட்டார் என்றார் சிலர், விவசாயச் சங்கத் தலைவரும் பங்கு வாங்கினார் என்றார் வேறு சிலர். அவ்வூர் இளைஞர் ஒருவர் வாசிகசாலைப் பலகையில் இச்சட்டத்தின் விண்ணப்பப் படிவம் தொங்குவதைக் கண்டு, நூலகரிடம் விளக்கம் கேட்டு, மதிப்பீட்டின் பிரதி வேண்டுமென்று எழுதினார். பிரதி வந்தது. பார்த்தால், அவ்வாண்டு ஒதுக்கப்பட்ட பணமே பாதித் தூரத்திற்குத்தான். ஒருவரும் தின்னவில்லை. மிகுதித் தூரத்திற்கு அடுத்த ஆண்டு கேட்கவேண்டும் என்பது தெரிந்தது, கேட்டார்கள். சங்கத் தலைவரோடு பேசாதிருந்தவர்கள் மீண்டும் பேசினார்கள். தகவல் என்பது கள்ளனைப் பிடிக்கும் பொறி என்றே பலரும் எண்ணுகின்றனர். கள்ளனல்லாதவனைக் காப்பதற்கும் அதுவே வேண்டும்.

இவற்றைச் சொல்லும்பொழுது மறுப்புரைப்போர் உளர். வாசிகசாலை அமைதியான இடம். அங்கே கந்தோர்ச் சந்தடியைக் கொண்டுவரலாகாது என்பர். எமக்கும் அமைதி பிடிக்கும். ஆனால் பிற்பகலில் அங்கே நிலவும் அமைதி பெரும்பாலும் ஆளில்லாமையால் வருவது. டென்மார்க்கில் ஓகூசு நகரத்தில் 2015 இல் திறக்கப்பட்ட பெருநூலகத்தினுள்ளேயே மக்கள் சேவைக் கந்தோரையும் வைத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டுக்கு வந்தவர் கதைப்புத்தகத்தோடு வீடு திரும்புகிறார். அந்நாட்டுச் செல்வம் எம்மிடமில்லை; அந்த யோசனைக்குச் செல்வம் வேண்டுவதுமில்லை.

எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறதே என்பார் மற்றொரு சாரார். 1919 என்னும் இலக்கத்தை அழைத்தால் மூன்று மொழியிலும் அரச தகவல் பெறலாம் என்பதும் உண்மையே. அதனை எம் மாணவர்க்கு மனனஞ் செய்வித்திருக்கிறோம். ஆயினும் தொலைபேசித் திரையில் நான்கு பக்கப் படிவத்தைப் படிக்க முதியவர் கண்ணுக்கு இயலாது. படித்தாலும் அச்செடுக்கவேண்டும். அச்செடுக்கக் கொமினிக்கேசன் கடைக்குப் போனால், அங்கே அச்சிடக் கூலி, நிரப்பக் கூலி, அனுப்பக் கூலி. கடைக்காரரைக் குறை கூறோம்; அஃது அவர் பிழைப்பு. ஆனாற் பிழையாக நிரப்பினாலும் அவருக்குக் கூலி உண்டு. நெனசல என்னும் கணினி நிலையங்களை அரசு நாடெங்கும் நிறுவியதும், அத்திட்டத்திற்கு 2014 இல் கேட்சு அறக்கட்டளையின் பரிசு கிடைத்ததும் நினைவுகூரத்தக்கன. பொறி மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பதை அன்றே பலர் உணர்ந்திருந்தனர்.

ஒரு மறுப்பை மட்டும் நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, குடும்பத்தின் வறுமை, காணாமற்போன பிள்ளையின் பெயர் என்று எத்தனையோ அந்தரங்கங்கள் அந்த மேசைக்கு வரும். காணாமற்போனோருக்கான அலுவலகத்துக்கு எழுத வரும் தாய், அடுத்த கதிரையில் அயலூர்க்காரர் பத்திரிகை விரித்திருக்க, எப்படித் தன் கதையைச் சொல்வாள்? ஆகவே மேசை ஒரு மூலையில், மறைப்போடு இருத்தல் வேண்டும். கணினியில் எழுதியது எழுதியவர் எழுந்தவுடன் அழிக்கப்படல் வேண்டும். பழுதான தாளைக் கிழித்தே எறியவேண்டும். நூலகர் இன்னார்க்கு உதவி கிடைக்கும், இன்னார்க்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லலாகாது; கையொப்பத்தைத் தாம் இடலாகாது; கூலி வாங்கலாகாது. அவர் கருமம் படித்துக் காட்டுதல், வழி சொல்லுதல், கேட்டதை எழுதுதல் என்ற அளவோடு நிற்கும். இவ்வெல்லையை மீறினால் அவரும் ஒரு பழைய விதானையாராகிவிடுவார்.

இம்மலரைப் படிப்போரிற் பலர் கந்தோர்களில் மேசைக்கு மறுபுறம் இருப்பவர்கள். எம் கல்லூரியின் பழைய மாணவர் இல்லாத அரச கந்தோர் மாவட்டத்தில் மிகச் சிலவே. அவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். உங்கள் கையால் வெளிவரும் தமிழ் அறிவித்தல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை, வெளிவந்த அன்றே, அப்பகுதி வாசிகசாலைக்கு அனுப்புங்கள். முடிவுத் திகதியை மேலே பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். என்னென்ன சான்றிதழ் கொண்டுவரவேண்டும் என்பதை வழக்கமான தமிழில் ஐந்து வரியிற் கீழே சேருங்கள். பிரதேச சபைகளில் இருப்போர், நூலகப் பதிவேட்டில் ஒரு நிரலைக் கூட்டுங்கள். "அரச தகவல் கேட்டு வந்தோர்" என்று தலைப்பிட்டாற் போதும். வாரத்தில் ஒரு நாளாவது வாசிகசாலை மாலை ஏழு மணி வரை திறந்திருக்குமாயிற் கூலிக்குச் செல்வோரும் வரலாம்.

பழைய மாணவர் சங்கத்தின் பங்கும் உண்டு. சென்ற கூட்டத்தில் இதனைச் சொன்னபொழுது, விழாவுக்கு வளைவு கட்டும் செலவிற் பாதி போதுமே என்றார் ஒருவர். வளைவு வேண்டும் என்று நால்வர் எழுந்தனர். வளைவும் இருக்கட்டும். ஓர் அச்சுப்பொறி வாங்கித் தருவதற்கு வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். படிவங்களைப் படித்துக் காட்டச் சனிக்கிழமைகளில் உயர்வகுப்பு மாணவர் இருவரை முறைவைத்து அனுப்ப நாம் ஒப்புக்கொண்டுள்ளோம். மைக்கும் தாளுக்கும் மாதந்தோறும் எவ்வளவு செல்லும் என்பதை நூலகரிடம் கேட்டு அடுத்த செயற்குழுவில் வைக்கவேண்டியிருக்கிறது.